வாயில் ஆணி

கீழ்வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேரும் அரசியல் பேசிக்கொண்டிருந்த வரைக்கும் எனக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. காலையில் கடை ஷட்டரைத் தூக்குகிற சத்தம் கேட்கும். அதற்குப் பின்னால் சுத்தியல் சத்தம். அதற்கும் பின்னால் பெரியவரின் குரல் எழும்பும்.

"இந்த நாட்ட இனிமே கடவுளே வந்தாலும் காப்பாத்த முடியாது."

"கடவுள் வந்தா அவரையும் எந்தக் கட்சின்னுதான் முதல்ல கேப்பீங்க" என்பார் சின்னவர்.

இந்தப் பேச்சு காதில் விழும்போது நான் பல் விளக்கிக்கொண்டிருந்தால் சரியான நேரம். போர்வைக்குள் கிடந்தால் மருந்துக் கடைக்குத் தாமதம்.

மாடியில் ஒற்றை அறை எனக்கு. கீழே முன்பக்கம் அவர்களுடைய குஷன் கடை, பின்பக்கம் வீடு. மருந்துக் கடையில் வேலை பார்ப்பதால் அந்த வீட்டில் எனக்கு மாத்திரையம்மா என்று பெயர். குடிவந்த புதிதில் மஞ்சள் காமாலை வந்து விழுந்துவிட்டேன். வாடகைக்கு வந்தவள்தானே என்று பார்க்காமல் அந்த வீட்டுப் பெண்கள் வேளாவேளைக்குக் கஞ்சி காய்ச்சி மாடிப்படி ஏறி வந்து ஊட்டினார்கள். அந்தக் கஞ்சிதான் இன்னும் என் உடம்பில் ஓடுகிறது. ஆகவே இந்த விஷயத்தில் நான் நடுநிலையோடு பேசுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அண்ணன் கட்டிக்கொண்டது அக்காளை, தம்பி கட்டிக்கொண்டது அவள் தங்கையை. ஒரே கடை, ஒரே அடுப்பு. அண்ணனுக்கு ஒரு மகள், கல்லூரியில் படிக்கிறாள். தம்பிக்குப் பிள்ளை இல்லை என்று வெளியாட்கள் சொல்வார்கள். வீட்டுக்குள் அப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்தப் பெண்ணை யார் பெற்றது என்பதே ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. அப்பா திட்டினால் சித்தப்பாவிடம் போவாள், சித்தி திட்டினால் அம்மாவிடம் போவாள், நான்கு பேரும் சேர்ந்து திட்டினால் மாடிக்கு என்னிடம் வருவாள்.

சின்னவர் தத்தித் தத்தி நடக்கிற வயதில் தாய் தகப்பன் இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். பெரியவர் அப்போது மீசை முளைக்காத பையன். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேலை தேடி அலைந்தவர். குஷன் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, தொழில் கற்று, தம்பிக்கும் கற்றுக்கொடுத்து, கடைசியில் அந்தக் கடையையே எடுத்து நடத்துகிறவர். இது தெருவுக்கே தெரியும். அவராக ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டாத வரைக்கும்தான் அது பெருமை.

அவர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பலகை மேல் ஸ்பாஞ்ச் வைத்து, அதற்கு மேல் ரெக்சினைப் போர்த்தி, சின்னவர் அகலவாய்க் குறடால் ஓரத்தைக் கவ்வி இழுப்பார். பெரியவர் வாயில் ஒரு கைப்பிடி ஆணி இருக்கும். நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளுவார், காந்தச் சுத்தியலை உதட்டருகே கொண்டுபோய் ஒட்டி எடுத்து அப்படியே அடிப்பார். "இழு." டொக். "இன்னும் கொஞ்சம்." டொக். "விடு." இழுக்க வேண்டிய நேரத்தில் இழுத்து விட வேண்டிய நேரத்தில் விட்டால் ரெக்சின் கன்னம்போல வழவழவென்று இருக்கும். ஒரு நொடி தப்பினாலும் மூலையில் சுருக்கம் விழும். அது பிறகு போகவே போகாது.

அவர் அரசியல் பேசியதும் இந்த ஆணிகளுக்கு இடையில்தான். மந்திரி சபைகளை எல்லாம் பல்லிடுக்கிலேயே கவிழ்த்துவிடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று அறிவிப்பு வந்தது. ஊரே இரண்டாகப் பிரிந்து விவாதம் பண்ணியது. என் மருந்துக் கடையில் இருமல் மருந்து வாங்க வந்தவர்கள் இருமலை மறந்துவிட்டு இதைப் பேசினார்கள். அந்த நேரம் பார்த்துப் பேருந்துப் பணிமனையிலிருந்து உட்காருகிற பழைய சீட்டுகளைப் புதுப்பிக்கிற வேலை இவர்கள் கடைக்கு வந்தது. வாசல் வரைக்கும் கிழிந்த சீட்டுகள் அடுக்கிக் கிடந்தன. அன்றைக்கு எனக்கு வார விடுமுறை. அடுக்களையில் அக்காளோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நடுக்கதவு திறந்திருந்ததால் முன்பக்கம் நடப்பது தெரிந்தது, பேச்சும் அப்படியே கேட்டது.

"ஓசியில குடுத்துக் குடுத்தே ஜனங்கள சோம்பேறி ஆக்கிட்டாங்க. பஸ்ஸுல ஏறினா டிக்கெட் எடுக்கணும். அதுதான் மரியாத" என்றார் பெரியவர்.

"பெரிய முதலாளி வாங்குன கடன தள்ளுபடி பண்ணா அதுக்குப் பேரு வளர்ச்சி. அண்ணி மார்க்கெட்டுக்குச் சும்மா போய்ட்டு வந்தா அதுக்குப் பேரு ஓசியா?"

"முதலாளி நாலு பேருக்கு வேல குடுக்கிறான்."

"அண்ணி நாலு பேருக்குச் சோறு போடுறாங்க."

அடுக்களையில் அக்காளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கையும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அது முன்பக்கம் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். சொந்த வீட்டுப் பெண்கள் சேர்ந்து சிரித்தால் எந்த ஆம்பிளைக்கும் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும். பெரியவர் வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"ஓசிச் சோறு தின்னு வளந்தவனுக்கு ஓசி பஸ்ஸு இனிக்கத்தான் செய்யும்."

வாயில் ஆணியோடு சொல்லியிருந்தால் பாதி புரியாமல் போயிருக்கும். அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது. சின்னவர் குறடை மெதுவாகக் கீழே வைத்தார். "சரிண்ணே" என்று மட்டும் சொன்னார். அதுதான் கடைசிப் பேச்சு.

சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் சமாதானம் பண்ணியிருக்கலாம். இங்கே சண்டையே இல்லை. காலையில் இருவரும் கடைக்கு வருவார்கள், வேலை செய்வார்கள், அக்காள் போடுகிற சோற்றை வெவ்வேறு நேரத்தில் சாப்பிடுவார்கள். வாயைத் திறப்பதில்லை. ஆனால் குஷன் வேலையை ஒற்றை ஆள் செய்ய முடியாது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெரியவர் பலகையில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் இழு. இரண்டு தட்டினால் விடு. சின்னவரும் வாயில் ஆணியைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். அடிக்கப் போவது அவரில்லை, ஆனாலும் போட்டுக்கொண்டார். பேசாமலிருக்க அது ஒரு சாக்கு.

நான் போய் ஓர் அலாரம் கடிகாரம் வாங்கி வந்தேன்.

மாதங்கள் ஓடின. ஒருநாள் தங்கை மாடிப்படியில் வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு பித்தளைக் குடம்.

"மாத்திரையக்கா, இது எங்க அம்மா குடுத்தது. ரெண்டு பேருக்கும் சேத்துக் குடுத்தாங்க. இப்ப இத நான் எடுத்துட்டுப் போகட்டுமா, வச்சுட்டுப் போகட்டுமா?"

"எங்க போற?"

"அவரு மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கடை பாத்துட்டாரு. அடுத்த மாசம் அங்க போறோமாம். மேலயே ஒரு ரூம் இருக்காம். தனி அடுப்பு."

"அக்காகிட்ட சொல்லிட்டியா?"

"அவளுக்குச் சொல்லணுமா என்ன? நான் பாத்திரத்த எடுத்து வைக்கிறேன், அவ திரும்ப எடுத்து அலமாரில வைக்கிறா. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல. ஆம்பளைங்க வியாதி எங்களுக்கும் ஒட்டிக்கிச்சு." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒரே வயித்துல பொறந்து ஒரே அடுப்புல வாழ்ந்துட்டோம்க்கா. இப்ப ஒரு பஸ்ஸுக்காகப் பிரியறோம். அதுவும் இவங்க ரெண்டு பேரும் ஏறாத பஸ்ஸு."

பெரியவருக்கு அதற்குள் சர்க்கரை ஏறிவிட்டது. மாத்திரை வாங்க என் கடைக்கு வந்தவரிடம் கேட்டேன்.

"பேசிடுங்களேன் அண்ணே. தம்பிதானே."

"என்னன்னு பேசறது மாத்திரையம்மா? சொன்னது தப்புன்னு சொன்ன அன்னைக்கே தெரியும். ஆனா அடிச்ச ஆணியப் புடுங்கினாலும் ரெக்சின்ல ஓட்ட நிக்குமே." மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "டாக்டர் வேற ஓடியாடி எதாவது பண்ணச் சொல்றாரு. இந்த வயசுல நான் எங்க ஓடுறது?"

அதற்கு வழி சொன்னது மகள்தான். ஊருக்கு வெளியே இருந்த பழைய பஸ் கொட்டகையைச் சுத்தம் பண்ணி, தரையில் கோடு போட்டு, வலை கட்டி, பிக்கிள்பால் என்று ஒரு புது விளையாட்டை நகராட்சிக்காரர்கள் ஆரம்பித்திருந்தார்கள். காலையில் யார் வேண்டுமானாலும் போய் விளையாடலாம். கல்லூரித் தோழிகளோடு போய்ப் பழகிவிட்டு வந்தவள் அடுக்களையில் நின்று எங்களுக்கு விளக்கினாள். மரப்பலகையில் அகலமான மட்டை. உடம்பெல்லாம் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து. களம் சின்னது, அதனால் முழங்கால் வலிக்காரர்களும் ஆடலாம். இரண்டிரண்டு பேராக ஆடுவது நல்லது.

"வலைக்குப் பக்கத்துல ஒரு கட்டம் இருக்கும். அதுக்குப் பேரு கிச்சன். அதுக்குள்ள நின்னுக்கிட்டு பந்து தரையில படறதுக்கு முன்னாடி கை வைக்கக் கூடாது."

"கிச்சன்ல நின்னு கை வைக்கக் கூடாதா? இந்தச் சட்டம் நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கு ஏற்கனவே தெரியுமே" என்றாள் தங்கை. வெகுநாளைக்குப் பிறகு அந்த அடுக்களையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

பெரியவர் முதலில் முறைத்தார். "நகராட்சி ஓசியா வெளையாட விடுதா? நான் வரல."

"இடம்தான்ப்பா அவங்களுது. மட்டை நம்மளுது." மகள் இரண்டு புது மட்டைகளை நீட்டினாள். "அம்மா வாங்கினாங்க."

பெரியவர் மனைவியைப் பார்த்தார். அக்காள் அரிசி களைவதில் மும்முரமாக இருந்தாள். அவர் மட்டையை வாங்கி, சுத்தியலைப் பிடிப்பதுபோல் பிடித்து, எடை பார்த்தார். பலகையை விரலால் தட்டினார். "நல்ல மரம்" என்றார். அந்த மரத்தில்தான் ஆள் மயங்கினார். மறுநாள் முதல் கொல்லைச் சுவரில் டொக், டொக் என்று பந்தடிக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது.

மகள் அப்பாவை ஒருநாள் கூட்டிப்போவாள், சித்தப்பாவை மறுநாள் கூட்டிப்போவாள். சித்தப்பாவிடம் சொன்ன காரணம் வேறு. "நீங்க தனியாப் போயிட்டா நான் யாரோட பேசறது சித்தப்பா? போறதுக்குள்ள என்கூட ரெண்டு நாள் வெளையாடுங்க." அந்தப் பிள்ளை கேட்டால் அவர் கிணற்றில்கூடக் குதிப்பார். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நடுவயதுக்காரர்களுக்கான ஜோடிப் போட்டி ஒன்று இருந்தது. அதில் அப்பாவையும் சித்தப்பாவையும் ஒரே ஜோடியாகச் சேர்த்துவிட்டு, இரண்டு பேரிடமும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாள். பேசாமல் இருப்பதை அந்த வீட்டில்தானே கற்றுக்கொண்டாள்.

அன்றைக்கு நாங்கள் எல்லோரும் போனோம். ஆண்கள் இருவரும் சைக்கிளில் வெவ்வேறு வழியாக வந்தார்கள். கொட்டகைக்குள் ஒருவரை ஒருவர் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். சின்னவர் திரும்பி வாசலைப் பார்த்தார். அங்கே மகள் நின்றிருந்தாள். "சித்தப்பா, எனக்காக" என்றாள். அவ்வளவுதான்.

போட்டியை நடத்துகிறவர் ஒரு நர்ஸம்மா. ஊசி போட்டுப் பழகிய கை, குரலிலும் ஊசி இருந்தது. எதிரே ஒரு வேன் டிரைவரும் அவர் மனைவியும். அவர்கள் முதல் பந்திலிருந்தே சண்டை போட்டுக்கொண்டுதான் ஆடினார்கள். "உனக்கு, உனக்கு, அட உனக்குன்னா எடேன்." "நீ என்ன அங்க வேடிக்கையா பாக்கிற?" அப்படிச் சண்டை போட்டே புள்ளிகளை அள்ளினார்கள்.

நம்மவர்கள் இருவரும் உதட்டை இறுக்கிக்கொண்டு ஊமையாக நின்றார்கள். நடுவில் வந்த பந்துகள் அநாதையாக விழுந்தன. பிறகு பெரியவர், கை அறியாத பழக்கத்தில், மட்டையின் விளிம்பைப் பக்கத்து இரும்புத் தூணில் இரண்டு தட்டுத் தட்டினார். சின்னவர் சட்டென்று பந்தை விட்டுவிட்டார். அது கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. புள்ளி நமக்கு. அடுத்த பந்துக்கு ஒரு தட்டு. சின்னவர் பாய்ந்து அடித்தார். மறுபடியும் நமக்கு. அக்காள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அண்ணன் தட்டத் தம்பி ஆட, அங்கே ஒரு சீட்டே தைத்துக்கொண்டிருந்தார்கள்.

டிரைவர் மனைவி மட்டையைக் கீழே போட்டாள். "நர்ஸம்மா, இது என்ன நியாயம்? நான் அடிக்கப் போறப்ப டொக்கு டொக்குன்னு தூண்ல தட்டறாரு. பந்து எங்க போச்சுன்னே தெரியல எனக்கு."

நர்ஸம்மா பெரியவரிடம் வந்தார். "எதிராளி கவனத்தக் கலைக்கிற மாதிரி தட்டினா புள்ளி அவங்களுக்கு. உங்க ஜோடிகிட்ட எதாவது சொல்லணும்னா வாயால சொல்லுங்க. அதுக்குத் தடையில்ல." பிறகு உற்றுப் பார்த்தார். "வாயில என்ன வச்சிருக்கீங்க? துப்புங்க. ஓடறப்ப தொண்டைல சிக்கிக்கும்."

பெரியவர் வாயைத் திறந்து காட்டினார். ஒன்றுமில்லை. "அந்தத் தம்பி?" சின்னவரும் திறந்து காட்டினார். ஆணி இல்லாத நாளிலும் ஆணி வைத்த வாயோடுதான் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தட்டக் கூடாது என்றதும் ஆட்டம் கவிழ்ந்தது. புள்ளிகள் கைவிட்டுப் போயின. கடைசியில் ஒரு பந்து உயரமாக எழும்பி நடுவில் இறங்கியது. அண்ணன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார். தம்பியும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார். மடேர் என்று இரண்டு மண்டையும் மோதி இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். பந்து நடுவில் விழுந்து மெல்ல உருண்டு போனது.

சின்னவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, கோபம் தாங்காமல் சொன்னார். "வாயத் தொறந்து சொன்னா என்னண்ணே?"

அந்த 'அண்ணே'யைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. பக்கத்தில் தங்கை அக்காளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

பெரியவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். குரல் கரகரவென்று வந்தது. "என்னுதுன்னு நெனச்சேன்டா."

"நானும் என்னுதுன்னுதான் நெனச்சேன்."

"ரெண்டு பேரும் என்னுதுன்னு நெனச்சுட்டு வாயத் தொறக்காம வந்தா ஒடையறது மண்டைதான்" என்றார் நர்ஸம்மா. இரண்டு நெற்றியையும் பார்த்தார். "தோல் கிழியல. எந்திரிங்க."

அதற்குப் பிறகு கொட்டகை கேட்டதெல்லாம் அவர்கள் குரல்தான். "உனக்குடா." "விட்டுடுங்கண்ணே, வெளிய போகுது." "பின்னாடி போ, பின்னாடி." "அண்ணே, கிச்சன்ல நிக்காதீங்க." பேசாமல் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் அந்தப் பந்தின் மேல் கொட்டினார்கள். ஆட்டத்தில் என்னவோ தோற்றுத்தான் போனார்கள். டிரைவரும் அவர் மனைவியும் ஜெயித்த பிறகும் சண்டையை நிறுத்தவில்லை. மகள் மட்டும் வெற்றிக் கோப்பை வாங்கியவள்போல் சுற்றிச் சுற்றி வந்தாள்.

ஆனால் பந்துப் பேச்சு வேறு, வீட்டுப் பேச்சு வேறு. ஆட்டம் முடிந்ததும் இருவரும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றார்கள். நெற்றி இரண்டும் வீங்கியிருந்ததால் சைக்கிள் ஓட்ட வேண்டாம், எல்லோரும் பேருந்தில் போகலாம் என்று அக்காள் சொல்லிவிட்டாள். அப்படித்தான் அந்த இரண்டு பேரும் அந்தப் பேருந்தில் முதல்முறையாக ஏறினார்கள்.

கூட்டமில்லை. அண்ணனும் தம்பியும் ஒரு சீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. எதிர்வரிசையில் பெண்கள் நாங்கள். நடத்துனர் வந்ததும் பெரியவர் முறைப்பாகப் பணத்தை நீட்டினார். "எல்லாருக்கும் குடுங்க."

"பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல பெரியவரே."

"நான் காசு குடுத்தா?"

"வாங்கினா என் வேல போயிடும். அம்மாவையே கேளுங்களேன். அனேகமா தெனம் நம்ம பஸ்ஸுலதான் மார்க்கெட்டுக்கு வர்றாங்க."

பெரியவர் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். நம்ம வீட்டுப் பொம்பளைங்க டிக்கெட் எடுத்துத்தான் போகணும் என்று கண்டிப்புப் பண்ணி, அதற்குத் தினமும் தனியாகக் காசு கொடுத்துவந்தவர்.

"அப்ப நான் குடுத்த டிக்கெட் காசெல்லாம் எங்க?"

அக்காள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒண்ணு உங்க மடியில இருக்கு. இன்னொண்ணு கொழுந்தன் மடியில இருக்கு."

அவர் மடியில் மட்டை இருந்தது. நடத்துனருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சின்னவர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தார், பிறகு தன் பையிலிருந்து பணம் எடுத்து, "ஆம்பளைங்க ரெண்டு" என்றார். ஒரு டிக்கெட்டைக் கிழித்து அண்ணனிடம் நீட்டினார்.

"இந்தாங்கண்ணே. ஓசிதான். பரவால்லயா?"

எங்கள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வலித்த இடத்தில்தான் கை வைத்தார் சின்னவர். பெரியவர் அந்தத் துண்டுக் காகிதத்தைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார். கசங்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அவர் கை, தொழில்காரன் கை சும்மா இருக்குமா, உட்கார்ந்திருந்த சீட்டின் மூலையைத் தடவியது. அங்கேயே நின்றது.

"இது நம்ம தச்சது."

சின்னவரும் தொட்டுப் பார்த்தார். "ஆமா."

"சுருக்கம் விழுந்திருக்கு. நான் ரெண்டு தட்டுத் தட்டினேன், நீ இழுத்துட்ட."

"நீங்க ஒண்ணுதான் தட்டினீங்க."

"இருக்கும்." பெரியவர் அந்தச் சுருக்கத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தார். "வாயால சொல்லியிருந்தா இது விழுந்திருக்காது. நம்ம கடையிலிருந்து சுருக்கத்தோட ஒரு சீட்டுப் போனதில்லடா."

பேருந்து ஒரு திருப்பத்தில் மெதுவாகத் திரும்பியது.

"அப்பா அம்மா போனப்ப நான் ஏறி எறங்காத பட்டற இல்ல" என்றார் பெரியவர், யாரையும் பார்க்காமல். "எவனும் சேத்துக்கல. பொடிப் பய, தொழில் கத்துக்கிறதுக்குள்ள ஓடிருவான்னு தொரத்திட்டாங்க. குஷன் கடை முதலாளியும் அதத்தான் சொன்னாரு. நீ என் இடுப்புல இருந்த. அவரு சட்டப் பித்தானப் புடிச்சு இழுத்த. விடவே இல்ல. பித்தான் பிஞ்சு உன் கையோட வந்துருச்சு. அவரு சிரிச்சுட்டாரு. இந்தப் பிள்ளைய வச்சுக்கிட்டு இவன் எங்கடா ஓடப் போறான், உள்ள வான்னாரு."

தம்பி இப்போது அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வேல எனக்குக் குடுத்தது இல்லடா. உனக்குக் குடுத்தது. நான் உன்கூட ஓசியில உள்ள போனவன். யாரு சோத்த யாரு தின்னதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே உன்ன அப்படிச் சொன்னேன்."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்க முயன்றேன். ஒன்றும் தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது. அக்காள் புருஷனைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கும் இது புதுச் செய்தி.

சின்னவர் சொன்னார். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல."

"வாயில ஆணி இருந்துச்சுடா."

சின்னவர் தலையைக் குனிந்துகொண்டு மட்டையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். இறங்கும் இடம் வந்தது. எழுந்து நின்று அண்ணனுக்குக் கை கொடுத்தார். "பாத்து எறங்குங்கண்ணே. அந்த சீட்ட நாளைக்குப் பணிமனைல சொல்லித் திருப்பி வாங்கிடலாம். பிரிச்சு அடிச்சா சரியாயிடும்."

"ஓட்ட தெரியும்."

"ஓட்ட மேல பட்டி வச்சு அடிக்கிறது நமக்கென்ன புதுசா?"

நாளைக்கு என்று அவர் சொன்னதை நாங்கள் நான்கு பெண்களும் கேட்டோம். வீட்டுக்கு வந்ததும் தங்கை நேராக அடுக்களைக்குப் போய் அந்தப் பித்தளைக் குடத்தை மூட்டையிலிருந்து எடுத்து, தண்ணீர் பிடித்து, பழைய இடத்தில் வைத்தாள். அக்காள் தோசைக்கல்லில் முட்டைகளை உடைத்து ஊற்றினாள். மாலையில் சின்னவர் சைக்கிளை எடுக்கப் போனவர் அப்படியே மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் கடைச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார் என்று மகள் மூச்சிரைக்க மாடியேறி வந்து சொன்னாள். எனக்கு ஒரு தட்டில் ரொட்டியும் முட்டையும் கொண்டுவந்திருந்தாள். கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. யாரைக் கும்பிடுவதென்று தெரியாமல் ரொட்டியைப் பிட்டுச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை ஷட்டர் சத்தம் கேட்டது. சுத்தியல் சத்தம் கேட்டது. நான் கண்ணைத் திறக்காமல் காத்திருந்தேன். பயமாகக்கூட இருந்தது.

"நான் சொன்னது தப்புதான், ஒத்துக்கிறேன்" என்றது பெரியவர் குரல், பல்லிடுக்கில். "அதுக்காக ஓசி சரியாயிடாதுடா. இப்படியே குடுத்துட்டுப் போனா இந்த நாட்ட இனிமே கடவுளே வந்தாலும் காப்பாத்த முடியாது."

"நேத்து ஓசியிலதானே வந்தீங்க. கொறஞ்சா போயிட்டீங்க?"

"அது நீ எடுத்த டிக்கெட்டு. கவர்மென்ட்டா எடுத்துச்சு? இழு."

"இழுத்துட்டேன். கவர்மென்ட்டு காசு யாரு காசுண்ணே? உங்க காசு, என் காசு."

"அப்ப என் காச ஏன்டா என்னக் கேக்காம குடுக்கிறான்? விடு, விடு, சுருக்கம் விழுது."

அடுக்களையிலிருந்து அக்காள் கத்தினாள். "ரெண்டு பேரும் கட்சிய அப்புறம் நடத்துங்க, டீ ஆறுது."

சின்னவர் அதற்கு என்னவோ பதில் சொன்னார். கீழே எல்லோரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று கேட்கவிடாமல் என் தலைமாட்டில் அந்த அலாரம் கடிகாரம் அடித்தது. எழுந்து அதை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடியும் படுத்தேன்.